பிற எஞ்சினின் பாகங்களைக் கொண்டு கார் எஞ்சினைப் புதுப்பித்தல்

உற்பத்தி நின்ற பின்னரும் நெடுநாள் உழைக்கும் மோட்டார் வண்டிகள் பல உள்ளன. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்னுமிடத்தில் உருவாகிய அம்பாசடர் கார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. எஞ்சியுள்ள கார் ஒன்றின் எஞ்சின் தேய்ந்து, புதிய பாகமும் கிடைக்காதபோது, கழிக்கப்பட்ட வேறோர் எஞ்சினிலிருந்து பாகங்களை எடுத்துப் பொருத்துவது பட்டறைகளின் வழக்கம். முறைப்படி செய்தால் ஓர் எஞ்சின் மறுவாழ்வு பெறும். முறை தவறினால் இரண்டுமே வீணாகும். எந்தப் பாகம் பொருந்தும் என்பதைக் கண் தீர்மானிப்பதில்லை, அளவுதான் தீர்மானிக்கிறது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

எஞ்சினின் குடும்பம்

அம்பாசடரில் நெடுங்காலம் இயங்கியது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 'பி' வரிசையைச் சேர்ந்த 1489 கன செ.மீ. எஞ்சினாகும். அதன் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 88.9 மி.மீ. அதே வரிசையில் 1622, 1798 கன செ.மீ. எஞ்சின்களும் வெளிவந்தன. இம்மூன்றுக்கும் வீச்சு ஒன்றே. சிலிண்டர் விட்டம் மட்டுமே வேறு. ஆகையால் இவற்றின் பாகங்கள் பல தோற்றத்தில் ஒத்திருக்கும். ஆனால் ஒத்திருத்தல் வேறு, பொருந்துதல் வேறு. 1489 எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் மூன்று முதன்மைப் பேரிங்குகளில் சுழல்கிறது. 1798 எஞ்சினிலோ 1964 முதல் ஐந்து பேரிங்குகள் கொண்ட அமைப்பு வந்தது. ஐந்து பேரிங்குத் தண்டை மூன்று பேரிங்குப் பிளாக்கில் அமர்த்த இயலாது.

காரின் பெயரை மட்டும் நம்புதலும் தவறு. 1992 முதல் அம்பாசடரில் 1817 கன செ.மீ. இசூசு எஞ்சினும் பொருத்தப்பட்டது. இதன் விட்டம் 84 மி.மீ.; வீச்சு 82 மி.மீ. முன்னதன் போல்ட்டுகளில் இருப்பவை அங்குல மரைகள். பின்னதில் இருப்பவை மெட்ரிக் மரைகள். ஒன்றின் போல்ட்டை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் பிளாக்கிலுள்ள மரையே அழிந்துவிடும்.

பிரிக்கக்கூடாத பாகங்கள்

சில பாகங்கள் இணையாகவே பிறக்கின்றன. முதன்மைப் பேரிங்கு மூடிகளைப் பிளாக்கில் இறுக்கிய பின்னரே அத்துளைகள் ஒரே நேர்கோட்டில் கடையப்படுகின்றன. எனவே வேறு பிளாக்கின் மூடியை வைத்தால் துளை வட்டமாயிராது. தண்டு இறுகும் அல்லது பேரிங்கு தேயும். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் அவ்வாறே. டேப்பெட்டுகள், தாம் உராய்ந்த காம்களுக்கேற்பத் தேய்ந்திருக்கும். பழைய டேப்பெட்டுகளை வேறு காம் ஷாப்டுடன் சேர்த்தல் ஆகாது. டைமிங் செயினும் அதன் பற்சக்கரங்களும் ஒருங்கே மாற்றத்தக்கவை.

அமுக்க விகிதம்

பெரிய எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைச் சிறிய எஞ்சினில் பொருத்தினால் திறன் கூடும் எனப் பலர் கருதுவர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

1798 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 449.5 கன செ.மீ. அமுக்க விகிதம் 8.8 என்று கொண்டால், பிஸ்டன் மேல் எல்லையில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் 449.5-ஐ 7.8-ஆல் வகுத்துக் கிடைக்கும் 57.6 கன செ.மீ. ஆகும். இவ்விடம் முழுவதும் ஹெட்டுடன் வருவதாக எளிமைக்காகக் கொள்வோம். 1489 எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 372 கன செ.மீ. மட்டுமே உள்ளது. இரண்டையும் கூட்டி 57.6-ஆல் வகுத்தால் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7.5 என்றே வருகிறது. அமுக்கம் குறைவதால் எரிபொருளின் வெப்பத்திலிருந்து பெறும் வேலையும் குறைகிறது. மேலும், பெரிய வால்வு திறக்கும்போது சிறிய சிலிண்டரின் விளிம்பில் இடிக்கவும் கூடும்.

அளந்து பொருத்தும் முறை

1. இரு எஞ்சின்களின் எண்களையும் குறித்துக்கொண்டு, அவை எவ்வரிசையைச் சேர்ந்தவை என உறுதி செய்க.

2. கழற்றும்போதே ஒவ்வொரு மூடிக்கும் ராடுக்கும் அடையாளம் இடுக.

3. கிராங்க் ஷாப்டின் பேரிங்குப் பகுதிகளை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க. அது முன்னரே அங்குலத்தின் ஆயிரத்தில் 10 அல்லது 20 பங்கு குறைத்துக் கடையப்பட்டிருக்கலாம். அதற்குரிய குறையளவு பேரிங்குகளையே இடவேண்டும். தவறான அளவை இட்டால் இடைவெளி வழியே எண்ணெய் வழிந்தோடி, எண்ணெய் அழுத்தம் விழுந்து, தண்டு பழுதாகும்.

4. சிலிண்டர்களின் மேலும் கீழும் விட்டத்தை அளந்து, தேய்மானத்தையும் வட்டம் கெட்டிருப்பதையும் அறிக. பிஸ்டன்களை ஒரே எடையுள்ளவையாகத் தேர்ந்தெடுக்க.

5. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்திய நிலையில், கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டால் எரி அறையை மூடுக. தகட்டிலுள்ள துளை வழியே பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டுக் கொள்ளளவை அளக்க. இதனுடன் கேஸ்கெட்டின் கனத்தால் வரும் இடத்தையும், பிஸ்டனின் தலையிலும் அதற்கு மேலும் உள்ள இடத்தையும் சேர்த்தே அமுக்க விகிதத்தைக் கணிக்க.

6. முழுதும் பூட்டிய பின், பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றுக. எங்கேனும் தடை தோன்றினால் வலிந்து சுழற்றலாகாது. கழற்றிக் காரணத்தைக் காணவேண்டும்.

ஆசிரியர்களுக்கு

ஐந்தாம் படியை விஞ்ஞானக் கூடத்திலேயே, கழிக்கப்பட்ட ஒரு ஹெட்டைக் கொண்டு செய்து காட்டலாம். பின்வரும் கணக்கையும் மாணவர்க்கு அளிக்கலாம்: 1489 எஞ்சினின் அமுக்க விகிதம் 8.3 எனக் கொண்டு, அதன் ஹெட்டை 1798 எஞ்சினில் பொருத்தினால் விகிதம் என்னவாகும்? எஞ்சும் இடம் 51 கன செ.மீ.; விடை ஏறத்தாழ 9.8. இத்தகைய உயர்வு, அதற்கேற்ற பெட்ரோல் இல்லாதபோது தட்டொலியை உண்டாக்கிப் பிஸ்டனைச் சிதைக்கவும் வல்லது. பாகத்தை வாங்குமுன் காகிதத்தில் போடும் இச்சிறு கணக்கு, ஓர் எஞ்சினையே காப்பாற்றும்.