பூட்டின பூங்காவும் ஒரு சின்னக் கணக்கும்

2020 லாக்டவுன்ல எங்க தாத்தா மொட்டை மாடியில தண்ணி டேங்க்கைச் சுத்திச் சுத்தி நடப்பார். சுகர் பேஷன்ட், நடந்தே ஆகணும். எதிர்த் தெருவிலேயே பூங்கா இருக்கு, ஆனா கேட்ல பூட்டு. அப்போ அது சரின்னுதான் எனக்கும் பட்டது. வென்டிலேஷன் பாடம் படிச்சப்புறம்தான் சந்தேகம் வந்தது. வாங்க, கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நம்ம கிளாஸ்ரூம் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க. மொத்தம் 240 கன மீட்டர் காற்று. நாம் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகளில்தான் கொரோனா வைரஸ் மிதக்கிறது. அதனால் அறையில் இருக்கும் காற்று எவ்வளவு சீக்கிரம் மாறுதோ அவ்வளவு நல்லது. மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் ஏர் சேஞ்ச் ரேட். காற்றில் பரவும் நோய் உள்ளவர்களை வைக்கும் தனி அறைக்கே அமெரிக்காவின் சிடிசி கேட்பது 12 முறை.

இப்போ அதே 240 கன மீட்டரை, சுவரே இல்லாம, ஒரு மைதானத்துல வைங்க. காற்று வினாடிக்கு 1 மீட்டர் வேகம். அதுல இலைகூடச் சரியா அசையாது. 8 மீட்டர் அகலத்தைக் கடக்க 8 வினாடி. 3600-ஐ 8-ஆல் வகுத்தால் 450. மணிக்கு 450 முறை! கரண்ட் பில்லும் கிடையாது.

ஒண்ணு, நெருக்கியடிச்சு நின்னா இந்தக் கணக்கு செல்லாது. பக்கத்துல இருக்கறவர் இருமினா நேரா உங்க முகத்துக்குத்தான். 2020 மே மாதம் கோயம்பேட்டில் தொற்று பரவி, காய்கறி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாத்தினது ஞாபகம் இருக்கும். திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போச்சு. மைதானம் காலியா இருந்ததாலதானே முடிஞ்சது? பீம் டிசைன்ல நாம ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைக்கிறோமே, ஊருக்கு அது இந்தக் காலி இடம்தான். சாதாரண நாள்ல வேஸ்ட் மாதிரிதான் தெரியும்.

மார்ச்சில் பூட்டினதை நான் குறை சொல்லலை, அப்போ யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா அதே மே மாதம் நியூயார்க் டொமினோ பார்க்கில் புல்தரையில வெள்ளை வட்டங்கள் வரைஞ்சு, வட்டத்துக்குள்ள இடைவெளி விட்டு உட்காரச் சொன்னாங்க. வட்டம் போட நமக்குத் தெரியாதா என்ன? ரேஷன் கடை வாசல்ல போட்டோமே!

தாத்தாவுக்கு அந்த வருஷம் மாத்திரை ஒண்ணு கூடிச்சு.

உங்க ஹாஸ்டல் ரூமை இன்னைக்கு டேப் வச்சு அளந்து பாருங்க. எத்தனை பேர் தூங்கறீங்க, ஜன்னல் எத்தனை திறக்குதுன்னும் எழுதிக்கோங்க.