வேட்புமனுவும் பிறப்புச் சான்றிதழும்



சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி எங்களைப் பார்த்து, "யாழ்ப்பாணத்துல படிச்ச ஆளுங்க குடுத்த வேட்புமனுவையே தள்ளிட்டாங்களாமே, ஒரு துண்டுப் பேப்பருக்காகவா ஐயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2025 உள்ளூராட்சித் தேர்தலுக்கு மார்ச் 20ஆம் திகதி நண்பகலோடு வேட்புமனு ஏற்பது முடிந்தது. அதன் பிறகு ஆட்சேபம் சொல்ல ஒன்றரை மணி நேரம். எதிர்த் தரப்பு ஒரு குறையைக் காட்டினாலும் போதும், தெரிவத்தாட்சி அலுவலர் தானாகக் கண்டாலும் போதும். யாழ் மாவட்டத்தில் 17 சபைகள். அங்கே கட்சிகளின் மனுக்களும் சுயேச்சைக் குழுக்களின் மனுக்களும் நிராகரிக்கப்பட்டன. நாடு முழுக்கப் பார்த்தால் நானூறுக்கும் மேல். ஒரு ஆளுடைய பேப்பரில் குறை என்றால் அந்த ஆள் மட்டும் விழுவதில்லை. முழுப் பட்டியலும் விழுந்துவிடும். அதுதான் கொடுமை.

குறைகள் என்ன? கட்டுப்பணம் கட்டாதது, வேட்பாளர் தொகை குறைவது, செயலாளரின் கையெழுத்தைச் சமாதான நீதவான் உறுதிப்படுத்தாதது, அரசியலமைப்பில் உள்ள சத்தியப்பிரமாணத்தை இணைக்காதது. இவை பழைய கதை. இந்த முறை பெரிய சண்டை இளைஞரின் பிறப்புச் சான்றிதழில். பட்டியலில் நூற்றுக்கு 25 பேர் 35 வயதுக்கு மேற்படாத இளைஞராக இருக்க வேண்டும். வயதைக் காட்ட உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், இல்லாவிட்டால் சத்தியக் கடதாசி. "உறுதிப்படுத்துவது யார்? பதிவாளரா, சமாதான நீதவானா?" இதில்தான் சிக்கல். பலர் போட்டோக் கொப்பி எடுத்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

அலுவலரின் முடிவே இறுதி என்று சட்டம் சொன்னாலும், பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் பல தள்ளுபடியாயின. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏப்ரல் 4ஆம் திகதி, பிறப்புச் சான்றிதழ் காரணமாகத் தள்ளப்பட்ட 37 மனுக்களை ஏற்கும்படி கட்டளையிட்டது. வாக்கெடுப்பு மே 6ஆம் திகதி. இடையில் ஒரு மாதந்தான்! வழக்குக்குப் பணமும் கொழும்பில் சட்டத்தரணியும் உள்ளவருக்கே இது சாத்தியம். லயத்திலிருந்து போகிற பிள்ளைக்கு?

யாழ்ப்பாணத்துச் சேதி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்தன. நம்ம பிள்ளைகள் நிற்கத்தானே போகிறார்கள்? ஆனால் பேப்பர் என்று வந்தால் நம்ம வீட்டில் நிலைமை எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. போன வருசம் ஒரு தங்கச்சிக்கு வேலைக்கு விண்ணப்பம் போடப் போய், பெயரில் ஒரே ஒரு எழுத்துக்காக நாலு முறை அலைந்தோம். கடைசித் திகதியும் போய்விட்டது. அம்மா அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆகவே தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் உரிய கட்டணம் கட்டி, பதிவாளர் உறுதிப்படுத்திய பிரதி இரண்டு எடுத்து வையுங்கள். ஒன்றை லெமினேட் பண்ண வேண்டாம். பெயர் மாறியிருந்தால் பழைய பள்ளிக்கூடப் பதிவையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். பெரட்டு முடிந்தபிறகு வந்தாலும் இருப்போம்.