வன் என்இசட் எஞ்சினும் எங்கள் மலைப்பாதைகளும்

"இந்த எஞ்சின்ல கையே வெக்கத் தேவல்ல." அக்குறணையில் கார் பார்க்கப் போகும் எவரும் விற்பவரிடமிருந்து முதலில் கேட்பது இதைத்தான். அவர் சொல்வது பெரும்பாலும் டொயோட்டாவின் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினைப் பற்றியதாக இருக்கும். கராஜ்களில் அதற்குப் பெயர் 'வன் என்இசட்'. கொரோலா 121, அதற்குப் பின் வந்த அக்ஸியோ, அலியன் 240, 260, பிரிமியோ, புரொபொக்ஸ் என்று எங்கள் வீதியில் ஓடும் எத்தனையோ கார்களின் பொனட்டுக்குள் இருப்பது அதுதான். நானும் பல வருடங்களாக ஒரு 121 வைத்திருக்கிறேன். தினமும் கண்டிக்கு, அவ்வப்போது கொழும்புக்கு, பெருநாள் விடுமுறையில் நுவரெலியாவுக்கு. விற்பவர் பொய் சொல்லவில்லை, நல்ல எஞ்சின்தான். ஆனால் நான் பார்த்தவரை இவை கெட்டுப்போவதற்கு முதல் காரணமே அந்த நற்பெயர்தான். பழுதே வராது என்று நம்பியவர் பொனட்டைத் திறப்பதில்லை.

முதலில் எஞ்சினைத் தெரிந்துகொள்வோம். கொள்ளளவு 1497 சிசி. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 84.7 மில்லிமீற்றர். அமுக்க விகிதம் 10.5க்கு 1. மேலே இரண்டு கேம் தண்டுகள், 16 வால்வுகள், காற்று உள்ளே வரும் பக்கத்தில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ. பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின். 6000 சுற்றில் ஏறத்தாழ 109 குதிரைவலு. இந்தக் குடும்பத்தின் முதல் எஞ்சின் 1997இல் முதலாவது பிரியஸ் காரில் வந்தது. நம் கார்களில் இருப்பது அதன் ஹைபிரிட் அல்லாத வடிவம். பிளாக் அலுமினியம், உள்ளே மெல்லிய இரும்பு லைனர்கள். பழைய இரும்பு பிளாக் எஞ்சின்களைப் போல 'போர்' அடித்து மேலளவு பிஸ்டன் போடும் வழக்கம் இதில் இல்லை. சிலிண்டர் தேய்ந்தால் பெரும்பாலும் வேறு எஞ்சின்தான் தேட வேண்டும்.

அது இப்போது சின்ன விஷயமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. உதிரிப்பாகங்களின் விலை கேட்கவே முடியாத இடத்துக்குப் போனது. இருபது வயதைத் தாண்டிய 121களை இன்னும் பல வருடம் ஓட்டத்தான் போகிறோம்.

ஒயிலில் இருந்து தொடங்குகிறேன். வயதான வன் என்இசட் ஒயில் குடிக்கும். பிஸ்டனின் ஒயில் ரிங் கரி பிடித்து இறுகிவிட்டால், சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலை வழித்து இறக்க அதனால் முடியாது. அந்த ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிகிறது. ஃபில்டரோடு சேர்த்து இந்த எஞ்சினில் ஊற்றுவது 3.7 லீற்றர்தான். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குடித்தால், 5000 கிலோமீற்றரில் சர்விஸுக்குப் போகும்போது அதில் இரண்டரை லீற்றர் போயிருக்கும். எங்கள் குடும்பத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "நானா, லைட் பத்தல்லயே, ஒயில் இருக்குதானே?"

"அது ஒயில் எவ்வளவு இருக்குன்னு காட்டுற லைட் இல்ல தம்பி, பிரஷர் லைட்டு."

பலருக்கு இது தெரிவதில்லை. அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் திரும்பும்போது அது ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தால், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் பெயரிங் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எங்கள் பக்கத்து வீடுகளில் அதிலும் ஒரு சிக்கல்: முற்றம் பெரும்பாலும் சரிவாக இருக்கும், சரிவில் பார்த்த அளவு சரியாக இருக்காது. நான் பெற்றோல் நிரப்பு நிலையத்தின் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டுப் பார்க்கிறேன்.

ஒயில் குறைந்தால் முதலில் அடிபடுவது செயினும் விவிடி-ஐயும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் இயங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி 'கரகர' சத்தம் வந்து நின்றால் அந்தப் பக்கம் கவனியுங்கள். விவிடி-ஐக்குப் போகும் ஒயில் பாதையில் ஒரு சிறிய வலை ஃபில்டர் உண்டு. கெட்ட ஒயிலில் அது அடைத்துக்கொண்டால் ஐட்லிங் தடுமாறும், ஸ்கேனரில் பி1349 கோட் வரும். விலை கூடிய பாகத்தை மாற்றும் முன் அந்த வலையைக் கழற்றிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் குடிக்கிறது என்று 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலை ஊற்றும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்த எஞ்சினில் தடித்த ஒயில் மேலே போய்ச் சேர நேரமெடுக்கும், இந்த நுண்ணிய பாதைகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 5டபிள்யூ-30ஐ விடாமல், குறைவதை நிரப்பி ஓட்டுவதே மேல்.

ஒயில் எங்கே போகிறது என்பதை எங்கள் மலையே காட்டிக்கொடுக்கும். கடுகண்ணாவ இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் இறங்கி, மாவனெல்லைப் பக்கம் மீண்டும் அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஒரு நீலப் புகை எழுந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலமாக வந்தால் ரிங். சீல் மாற்றுவதும் ரிங் மாற்றுவதும் செலவில் வெகு தூரம். பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லிவிட்டு கராஜுக்குப் போனால் பேச்சு தெளிவாக இருக்கும்.

இறக்கம் என்றதும் இன்னொன்று. 2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் கோட்டாவும் வந்த காலத்தில், பெற்றோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. உண்மை நேர்மாறானது. கியரில் இருந்து, அக்ஸிலரேட்டரில் காலை எடுத்து இறங்கும்போது, கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாக ஐட்லிங்கில் ஓட வேண்டும், அதற்குப் பெற்றோல் வேண்டும். அதோடு முழுப் பாரமும் பிரேக்கில் விழும். ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதி உள்ளே போய் நிற்பது உயிர் போகும் விஷயம். ஒட்டோ கியராக இருந்தால் ஓவர்டிரைவை அணைத்து, தேவைப்பட்டால் '2'க்கு இறக்குங்கள். இதை எந்த வீட்டிலும் கார் ஓட்டும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெற்றோலில் 92 ஒக்டேன் போதும். ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்காகச் செய்த எஞ்சின் இது. அங்கே சாதாரணம் என்பது 90ஐ ஒட்டியது. 95க்குக் கொடுக்கும் மேலதிகக் காசை ஒயிலுக்குக் கொடுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெல்லியது, எஞ்சினின் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். அதைப் பழுதென்று எண்ணி ஒன்றையும் கழற்ற வேண்டாம்.

ஏற்றத்தில் மட்டும் கார் குலுங்கி, சமதரையில் சரியாக ஓடினால், கொயிலைச் சந்தேகியுங்கள். நான்கு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில். எந்தச் சிலிண்டர் என்று ஸ்கேனர் காட்டும். இரண்டாவது என்று காட்டினால், அந்தக் கொயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறும் மூன்றாவதுக்குப் போனால் கொயில்தான். இரண்டாவதிலேயே நின்றால் பிளக் அல்லது இன்ஜெக்டர். நான்கையும் மாற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்ததில் என் செலவு நாலில் ஒன்றானது.

சூடேறுவது வேறு கதை. கட்டுகஸ்தோட்டை நெரிசலில் ஊசி ஏறி, வீதி விட்டதும் இறங்கினால் ரேடியேற்றர் ஃபேன். ஏற்றத்தில் ஏறினால் ரேடியேற்றர் அடைப்பு, தெர்மோஸ்டாட், அல்லது தண்ணீர் குறைவு. வோட்டர் பம்பின் கீழே இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவு தெரிந்தால் பம்ப் கசியத் தொடங்கிவிட்டது. ஊசியை மட்டும் நம்பவும் கூடாது: தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டால் சென்ஸரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான், ஊசி இறங்கியே காட்டலாம். அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்து கெஸ்கட் போயிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு "இனிச் சூடேறாது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெற்றோலும் கூடும்.

அக்குறணைக்காரர்களுக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்றுண்டு: பிங்கா ஓயா. அது பெருகினால் நகரின் நடுவே போகும் ஏ9 வீதியே தண்ணீருக்குள் போகிறது. கணக்கைப் பாருங்கள். 1497ஐ நான்கால் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 374 சிசி. 10.5க்கு 1 என்ற விகிதத்தில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 40 மில்லிலீற்றர்கூட இல்லை. மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. அந்தளவு தண்ணீர் காற்றுப் பாதையால் உள்ளே போனால் போதும், காற்றைப்போல அது அமுங்காது. கனெக்டிங் ரொட் வளையும். ஆகவே வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருகவே வேண்டாம். பெட்டரியைக் கழற்றி, காரைத் தள்ளி மேட்டில் ஏற்றுங்கள். எயார் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஒயில் பால்நிறமாகிவிட்டதா பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்; தண்ணீர் அந்தத் துவாரங்களால் வெளியேறும். ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நின்ற இடத்தில் நனைந்த எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஸ்டார்ட்டரைத் திருகித் திருகிப் பார்த்த எஞ்சின்களைத்தான் காப்பாற்ற முடிவதில்லை.

பாவித்த கார் வாங்குகிறவர்கள் சுபஹுக்குப் பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வரும் முன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடியுங்கள்: உலோகம் பொன்னிறமாகத் தெரிந்தால் ஒயில் காலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, கறுத்த சேறு படிந்திருந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் நம்ப வேண்டாம். வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்கு எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். சென்ற வருடத்தைவிட ஹைட்ரோகார்பன் அளவு கூடியிருந்தால் உள்ளே எரிதல் சரியில்லை. கடைசியாக, பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் போட்டதில் தவறில்லை; ஆனால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால், அதை விற்பவர் பதிந்து தந்த பிறகே காசை எண்ணிக் கொடுங்கள்.