சவுக்கா, வரப்பு மரமா, கொரங்காடா?

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது காடாகவோ மரமாகவோ இருக்க வேண்டும் என்றது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. 2023 வன அறிக்கைப்படி இரண்டும் சேர்ந்தே 25.17 சதவீதம்தான். மிச்சத்துக்குக் காட்டுக்குள் இடமில்லை. பட்டா நிலத்தில்தான் வர வேண்டும். 2014-இல் வேளாண்காடுகளுக்கெனத் தனிக் கொள்கை வந்ததும் அதனால்தான். இலக்கு அரசுடையது, நிலம் உங்களுடையது. எந்த நிலத்தில் எதை வைப்பது?

ஆற்றுப் பாசன நஞ்சை என்றால் யோசிக்கவே வேண்டாம், நெல்லே இருக்கட்டும். கூலியாள் கிடைக்கவில்லை என்று தைலமரம் வைத்துவிட்டால், பிறகு வேர்க்கட்டையைப் பறித்து வயலாக்குவதற்குள் கை காய்ந்துவிடும்.

மணற்பாங்கான புஞ்சையா? சவுக்கு பார்க்கலாம். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டில் வெட்டு. முதல் ஆண்டில் இடையே வேர்க்கடலை போடலாம். வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் மண்ணும் அவ்வளவாகக் கெடாது. ஆனால் வருமானம் ஒரே நாளில் வருவதுபோல நட்டமும் ஒரே நாளில் வரும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளை என்ன செய்தது என்பதை அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். காகித ஆலையோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் யார் தலையில் என்பதை முதலில் படியுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.

மழை குறைந்த மேட்டு நிலத்துக்கு என் ஓட்டு கொரங்காட்டுக்கு. காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் பார்க்கலாம்: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். வேலமரம் நிழல் தரும், அதன் காயை ஆடும் மாடும் தின்னும். சாணமும் புழுக்கையும் அங்கேயே விழுந்து மண்ணுக்குச் சேரும். காங்கேயம் காளை வளர்ந்த மேய்ச்சல் இதுதான். காடும் வேளாண்மையும் ஒன்றையொன்று விரட்டாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை. இதைத் தரிசு என்று எழுதி, குழி வெட்டி, தைலங்கன்று நடுவது வளர்ச்சி அல்ல.

கையளவு நிலம்தான் இருக்கிறது, பயிரையும் விட முடியாது என்பவர்களுக்கு வரப்பு போதும். பனை நிமிர்ந்து நிற்கும், நிழல் குறைவு. தேக்கு வைப்பதானால் வடக்கு வரப்பில் வையுங்கள். ஆண்டின் பெரும்பகுதி நிழல் உங்கள் பயிர்மேல் விழாது. பக்கத்து நிலத்தில் விழும் என்பதால் அந்தப் பங்காளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சந்தனம் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 2002-க்குப் பிறகு பட்டா நிலத்தில் தாராளமாக வளர்க்கலாம். வெட்டுவதும் விற்பதும் மட்டும் வனத்துறை வழியாகத்தான். காவலுக்கு ஆளில்லாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.