மூளையில் ஆபரேஷன் என்றதும் எழும் பயங்கள்

வலிப்பு நோய்க்கு ஆபரேஷன் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் அதை உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகவே நினைக்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளிக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இந்தப் பயங்களில் சில வெறும் செவிவழிப் பேச்சு. சிலவற்றுக்கு மருத்துவ வரலாற்றிலேயே வேர் இருக்கிறது.

"மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்போம், ஆபரேஷன் கடைசியில்தான்"

அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை இதுதான். கேட்பதற்கு நிதானமான யோசனையாக இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குவான், பிரோடி என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. அதற்குமுன் சிகிச்சையே எடுக்காதவர்களில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மாத்திரையிலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மாத்திரையில் இன்னும் 13 விழுக்காட்டினருக்கு நின்றது. மூன்றாவதில் நின்றது வெறும் 1 விழுக்காட்டினருக்கு. பிறகு புதிய மருந்துகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

அதனால்தான் உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010-ல் ஒரு வரையறை கொடுத்தது. நோய்க்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையா? அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. அந்தக் கட்டத்திலேயே ஆபரேஷனுக்குத் தகுதி உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். ஐந்தாவது மாத்திரை, ஆறாவது மாத்திரை என்று காத்திருக்கும் வருடங்கள் திரும்பி வருவதில்லை. அந்த வருடங்களில்தான் பிள்ளைக்குப் படிப்பு நிற்கிறது, வேலை போகிறது, அடுப்படியில் தீக்காயம் படுகிறது, குளிக்கப் போன இடத்தில் உயிர் போகிறது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணமும் உண்டு. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் இப்படி இறக்கிறார்கள். வலிப்பு அடங்காதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆபரேஷனின் ஆபத்தைக் கேட்டு நடுங்குகிற நாம், சும்மா இருப்பதன் ஆபத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆபரேஷனால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. கனடாவின் லண்டன் நகரில் 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் பொட்டெலும்புக்கு உட்புறமாக உள்ள மூளைப் பகுதியிலிருந்து வலிப்பு கிளம்பியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, சுயநினைவைப் பாதிக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் ஆபரேஷன் பிரிவில் 58 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 8 விழுக்காடு. ஆய்வின்போது இறந்த ஒருவரும் மாத்திரைப் பிரிவைச் சேர்ந்தவர். இது 2001-ல் வெளியானது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரிடம் இதேபோல நடத்திய ஆய்வு 2017-ல் வந்தது. ஒரு வருடத்தில் வலிப்பு அறவே நின்றவர்கள் ஆபரேஷன் பிரிவில் 77 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 7 விழுக்காடு.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்; அந்த இடம் எடுத்தாலும் பெரிய இழப்பு நேராத இடமாக இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. படமும், நோயாளியை நாள்கணக்கில் படுக்கவைத்து எடுக்கும் வீடியோ இ.இ.ஜி.யும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கத்தியை எடுப்பார்கள்.

"ஞாபகம் போய்விடும், ஆளே மாறிவிடுவார்"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு 1953-ல் வில்லியம் ஸ்கோவில் என்ற நிபுணர், மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுப்பகுதியின் உள்பாகத்தை வெட்டி எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நேற்றுப் பார்த்த டாக்டர் இன்றைக்கு அவருக்குப் புது ஆள். அவர் இழந்ததிலிருந்துதான் நினைவு மூளையில் எங்கே உருவாகிறது என்பதையே உலகம் கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இரு பக்கமும் எடுக்கும் ஆபரேஷன் கைவிடப்பட்டது.

இன்றைக்கு ஒரு பக்கம்தான் எடுக்கிறார்கள். அதற்குமுன் பேச்சும் நினைவும் எந்தப் பக்கத்தை நம்பியிருக்கின்றன என்று சோதிக்கிறார்கள். ஆனாலும் பேச்சு மையம் உள்ள பக்கத்தில், பெரும்பாலோருக்கு அது இடப்பக்கம், ஆபரேஷன் செய்தால் சிலருக்குப் பெயர்களும் சொற்களும் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. அடங்காத வலிப்பும் வருடக்கணக்கில் ஞாபகத்தை அரிக்கும் என்பதையும் கூடவே வைத்து யோசிக்க வேண்டும்.

"மண்டைக்குள் கரண்ட் ஷாக் கொடுக்கிறார்கள்"

சினிமாவில் மனநோயாளிக்கு ஷாக் கொடுக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு இதையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் இந்த முறையின் பெயர் மூளை ஆழ்தூண்டல்; அது முற்றிலும் வேறு. ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனையை மூளையின் அடியாழத்தில் குறித்த புள்ளியில் வைத்து, தோலுக்கு அடியிலேயே கம்பியை இறக்கி, காரையெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் போன்ற பேட்டரியோடு இணைக்கிறார்கள். நொடிக்குச் சுமார் 130 முறை சில மில்லிஆம்பியர் மின்துடிப்பு போகும். நோயாளிக்கு அது ஷாக்காகத் தெரியாது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது என்பதால், பல இடங்களில் நோயாளி விழித்திருக்கும்போதே பொருத்துகிறார்கள். மின்துடிப்பு தொடங்கியதும் வருடக்கணக்காக நடுங்கிய கை ஆபரேஷன் மேஜையிலேயே அடங்குவதுண்டு.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் 1987-ல் இந்த முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தார். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் டி.எஸ். கனகா 1970களிலேயே சென்னையில் மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையைச் செய்தார். வலிப்புக்கான ஆபரேஷனும் நமக்குப் புதிதல்ல, வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1952-லேயே செய்திருக்கிறார்.

"கருவி வைத்துவிட்டால் பார்க்கின்சன் குணமாகிவிடும்"

பயத்துக்கு நேர் எதிரான இந்த நம்பிக்கை பல குடும்பங்களைக் கடனாளி ஆக்கிவிடும். பல லட்ச ரூபாய் செலவாகும் சிகிச்சை இது. ஆனால் நோயின் போக்கை இது நிறுத்துவதில்லை. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நோயாளி எப்படி நடமாடுகிறாரோ, ஏறக்குறைய அந்த நிலையை நாள் முழுக்க நீட்டித் தருவதுதான் இதன் பயன். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதற்கு அடங்கலாம். மாத்திரை போட்டும் சரியாகாத தள்ளாட்டத்தையும் மறதியையும் கருவி சரிசெய்யாது. பேச்சு இன்னும் குழறவும் வாய்ப்புண்டு. நூற்றில் ஒருவர், இருவருக்கு மூளையில் இரத்தக்கசிவு நேரலாம், கிருமித்தொற்றும் வரலாம்.

ஆள் படுக்கையில் விழுந்தபிறகு பொருத்தினால் பெரிய பலன் இராது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் சராசரி வயது 52. மாத்திரையின் பலன் ஏறி இறங்கத் தொடங்கிய புதிதிலேயே கருவி பொருத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் 26 விழுக்காடு மேம்பட்டது; மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் முன்னேற்றமே இல்லை.

வலிப்பிலும் கருவிகளுக்கு இப்படியொரு எல்லை உண்டு. கழுத்து நரம்பைத் தூண்டும் கருவியும் ஆழ்தூண்டலும் பலருக்கு வலிப்பைக் குறைக்கும்; முழுக்க நிறுத்துவது குறைவு. அதனால் வெட்டி எடுக்க வழி இருக்கும்போது கருவியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

கருவி பொருத்தியவர்கள் செல்போன் பேசலாம், டி.வி. பார்க்கலாம். ஆனால் மூட்டுவலிக்குப் பிசியோதெரபி மையத்தில் கொடுக்கும் டயதர்மி என்ற சூட்டுச் சிகிச்சை கூடவே கூடாது. அந்தச் சிகிச்சையின் ஆற்றல் கம்பி வழியாக மூளைக்குப் போய்த் திசுவைச் சுட்டு உயிருக்கே ஆபத்தாகும். கருவி பொருத்தியிருப்பதற்கான அடையாள அட்டையை அங்கே முதலிலேயே காட்டுங்கள்.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது அதிகம். நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்துகிறாள். வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வருகிறது. வலிப்பு இருப்பவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகம் 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆபரேஷனுக்குத் தகுதியுள்ள பெண் என்றால், பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்பே முடிப்பதுதான் அவளுக்கு நல்லது. சில வலிப்பு மருந்துகள், முக்கியமாக வால்ப்ரோயேட், வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். வலிப்பு நின்றவர்களுக்கு அவற்றைக் குறைக்கவோ மாற்றவோ டாக்டரால் முடியலாம்.

இரண்டு மருந்துக்கும் வலிப்பு அடங்காதவர்கள், வலிப்பு அறுவைக்கென்றே தனிப்பிரிவு உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு எழுதிக் கேட்கலாம். போகும்போது பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயரையும் அளவையும், வலிப்பு வரும்போது வீட்டார் செல்போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். வலிப்பு தொடங்கும்போது முதலில் எந்தக் கை இழுக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலிருந்தே டாக்டர் தேட வேண்டிய இடத்தை ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.