ஒலிநாடாவில் கடல் கடந்த குரல்
வானொலித் தயாரிப்பாளர் அமீன் சயானி: ஒரு பார்வை

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைப் பினாங்குப் பெரியவர்கள் பலர் இன்றும் ‘பிட் ஸ்திரீட்’ என்றே சொல்வார்கள். 1801ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில், நாணய மாற்றுக் கடை ஒன்றில் என் தாத்தா கணக்கு எழுதினார். கடை சாத்திய பிறகு அஞ்சடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, சிற்றலையில் இலங்கை வானொலி கேட்பது அவர் வழக்கம். தமிழ் வர்த்தக சேவை தாத்தாவுக்கு. புதன்கிழமை இரவு மட்டும் பெட்டி பக்கத்துக் கடை பாய்க்கு. இந்தி அரைகுறையாகத்தான் புரியும் என்றாலும், அந்தக் குரலுக்காகவே பாய் காத்திருப்பாராம்.

அந்தக் குரல் அமீன் சயானியுடையது. கொழும்பிலிருந்து வந்தாலும் அதற்குரியவர் பம்பாயில் இருந்தார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாட்டுக்குத் தடை, கொழும்பில் வழி

1932 டிசம்பர் 21இல் பம்பாயில் பிறந்தவர் சயானி. தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்னும் இதழைத் தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளில் நடத்தினார். அப்பணியில் தாய்க்கு உதவிய மகனுக்கு எளிய மொழியின் அருமை இளமையிலேயே புரிந்தது. அண்ணன் ஹமீது சயானியே அவரை வானொலிக்கு அழைத்து வந்தார்.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் குறைந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்நிலையம் அப்போது விளம்பரமும் ஏற்கவில்லை.

கொழும்பில் நிலை வேறு. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக அமைக்கப்பட்ட வலிமைமிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியது. இந்தியாவில் பாட்டு கேட்க ஆள் இருந்தது. பொருள் விற்க நிறுவனங்கள் இருந்தன. கொழும்பில் பரப்பி இருந்தது. இம்மூன்றையும் இணைக்க ஒரு தயாரிப்பாளர் தேவைப்பட்டார்.

நிலையத்துக்கு வெளியே ஒரு தயாரிப்பு

1952 டிசம்பரில் ‘பினாக்கா கீத்மாலா’ பிறந்தது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகும். ஒலிநாடா விமானத்தில் கொழும்பு போகும். அங்கிருந்து சிற்றலையில் இந்தியாவுக்கே திரும்பி வரும். செலவு விளம்பரதாரருடையது. நிலையம் தருவது நேரம் மட்டும்.

எழுதுவது, பேசுவது, கடிதம் பிரித்து எண்ணுவது எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 25 ரூபாய்தான் தமக்குக் கிடைத்தது என்று சயானி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஐம்பது கடிதங்கள் வந்தால் போதும் என்றிருந்தவருக்கு, முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்தன என்றும் சொன்னார். போட்டியாகத் தொடங்கிய நிகழ்ச்சி, பிறகு பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாயிற்று. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கும் நேயர் மன்றங்களின் விருப்பமும் அந்த வரிசையை முடிவு செய்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சயானி இலங்கை வானொலியின் ஊழியர் அல்லர். நிகழ்ச்சி ஒரு சரக்கு. நிலையம் அதை ஏற்றிச் செல்லும் கப்பல். கப்பல் மாறினாலும் சரக்கு போய்ச் சேரும். 1967இல் இந்திய அரசு வானொலி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1989இல் கீத்மாலா விவித் பாரதிக்கு மாறியபோது நேயர்களும் உடன் சென்றார்கள். பிரிட்டன், ஐக்கிய அரபு சிற்றரசுகள், வட அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் சுவாசிலாந்து ஆகிய இடங்களின் நிலையங்களுக்கும் அவர் நிகழ்ச்சிகள் தயாரித்து அனுப்பினார். அவருடைய நிகழ்ச்சிகள் 54,000க்கும் மேல் எனப்படுகிறது. 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 பிப்ரவரி 20இல், 91ஆம் வயதில் மறைந்தார்.

தமிழில்

இதே கொழும்பு நிலையத்தில்தான் எஸ். பி. மயில்வாகனன் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டு சேர்த்தார். என் தாத்தாவின் நாயகர் அவர்தான். அவருக்குப் பின் வந்த பி. எச். அப்துல் ஹமீதுடைய ‘பாட்டுக்குப் பாட்டு’ இலங்கை வானொலியில் வளர்ந்து, பின்னர் ஒரு நகைக்கடையின் ஆதரவோடு சன் தொலைக்காட்சிக்குச் சென்று, உலகத் தமிழர் வீடுகளை அடைந்தது. கடலும் ஊடகமும் மாறின. நிகழ்ச்சி அதன் குரலோடு நிலைத்தது.

நான் அழித்த நாடா

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தாத்தாவின் வானொலி நினைவுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்தேன். பழைய சாலையின் கடைகள், அங்குப் பேசப்பட்ட மொழிகள், புதன்கிழமைப் பாய், மயில்வாகனனின் பேச்சை அவர் செய்து காட்டிய விதம் என ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த மாதம் விடுதியில் கலைவிழாவுக்குப் பாட்டுப் பதிய அவசரமாக ஒரு கேசட் தேவைப்பட்டது. கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். மேலுறையைக்கூடப் பார்க்கவில்லை. “பரவாயில்லடா, இன்னொரு நாள் பேசினாப் போச்சு” என்றார் தாத்தா. அந்த இன்னொரு நாள் வரவில்லை.

சயானியோ தம் பழைய கீத்மாலா நினைவுகளைத் தொகுத்து ‘கீத்மாலா கீ சாவோ மே’ என்ற பெயரில், சரிகம நிறுவனத்தின் வழி மீண்டும் மக்களிடம் சேர்த்தார். நிகழ்ச்சி தயாரிப்பவரின் வேலை ஒலிபரப்போடு முடிவதில்லை; பாதுகாப்பதும் அதில் அடங்கும் என்பதை என் தவற்றுக்குப் பிறகே உணர்ந்தேன்.

மாணவ நண்பர்களே! இன்று உங்கள் கைப்பேசியே ஒலிப்பதிவுக்கூடம். விமானத்தில் நாடா அனுப்ப வேண்டியதில்லை. நிலையத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அரை நூற்றாண்டு கடை நடத்திய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுமதி கேட்டு, அருகில் உட்கார்ந்து, பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரும் நாளும் குறித்து, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். அதன்பின் எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

முதலில், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடமிருந்து தொடங்குங்கள்.