பழைய செல்போனின் உண்மையான விலை



பழுதான செல்போன், சார்ஜர், டிவி என ஏதாவது நம் வீட்டு அலமாரியில் முடங்கிக் கிடக்கும். காயலான் கடையில் போட்டால் கையில் காசு வருகிறது. அரசிடம் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்தால் பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கிறது. ஏன்?

பாதுகாப்பான மறுசுழற்சிக்குச் செலவு அதிகம். புகை வடிகட்டும் கருவி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இவை இல்லாத பட்டறைகளில் செம்புக்காக வயரை எரிக்கிறார்கள்; தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அந்த ஈயமும் டையாக்சின் நச்சும் மண்ணில் கலந்து, அங்கு வாழும் குழந்தைகளின் உடலிலும் சேர்கின்றன. நமக்குக் கூடுதலாகக் கிடைத்த காசை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன். முறையாக மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு. இதில் இழப்பும் நமக்கே. பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதமே போதும்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைத்துள்ளன. ஆகவே, புதியது வாங்கும்போது பழையதைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்போம். கொடுக்கும் முன் குடும்பப் படங்களை அழிப்போம். பேட்டரியைக் குத்தவோ உடைக்கவோ வேண்டாம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று கற்றவர்கள் நாம். பிறர் பாதையில் நஞ்சைப் போடாதிருப்போம். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.